அதியமான் இருந்தான் சரி, நெல்லிக்கனி? (உயிர்த்தெழுதலுக்கு ஆதாரம் சொல்வது பற்றி)

பென்னாகரம்_பிரதர்:
ஸ்தோத்திரம். தர்மபுரியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு, விசுவாசத்துக்கு நியாயம் சொல்லப் பழக்கும் ஒரு மணி நேர வகுப்புக்கான வரிசை இது. முதலில் புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதிகள், கிரேக்கத்தில் மட்டும் 5,800 வரை. அடுத்து இயேசுவைக் குறிப்பிடும் பழைய வரலாற்றாசிரியர்கள், யூதரான யோசேபஸ், ரோமரான டாசிடஸ். பிறகு இயேசுவுக்குச் சிலுவைத் தண்டனை கொடுத்த பிலாத்துவின் பெயரோடு 1961இல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டு. கடைசியில் காலியான கல்லறை, ஆகவே உயிர்த்தெழுந்தார். ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

ஐயப்பாடு_அரூர்:
அந்த "ஆகவே"தான் ஓட்டை. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியை நாம் சங்கப் பாட்டுகளை வைத்துத்தான் அறிந்திருந்தோம். 1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு கிடைத்தது. அவன் பெயரும் இருக்கிறது, அசோகன் கல்வெட்டில் வரும் சதியபுதோ என்ற பட்டமும் இருக்கிறது. ஆள் இருந்தது உறுதி. அதனால் அவன் ஒளவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி சாவை நீக்கும் என்று புறநானூறு 91 சொல்வதும் உறுதியாகிவிடுமா? பிலாத்து கல்லும் அதே கணக்கு. பிலாத்து என்றொரு அதிகாரி யூதேயாவில் இருந்தான், அவ்வளவே. அந்தக் கல் அவனைப் "பிரிபெக்ட்" என்கிறது, டாசிடஸ் "புரோக்குரேட்டர்" என்று பிற்காலப் பட்டத்தைப் போடுகிறார். ரோம ஆவணத்தைப் பார்த்துத்தான் எழுதினார் என்று வகுப்பில் சொன்னால் அங்கேயே மடக்குவார்கள்.

எலத்தகிரி_மறைக்கல்வி:
பிரதர், நானும் விசுவாசிதான், ஆனால் இந்த வரிசையோடு வகுப்புக்குப் போகாதீர்கள். 5,800 என்பது எல்லாக் காலத்துப் பிரதிகளையும் சேர்த்த எண்ணிக்கை. அதில் பெரும்பகுதி 9ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியது. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படுபவை துண்டுகள். எல்லோரும் காட்டும் ரைலண்ட்ஸ் பாப்பிரஸ் என்ற சிறு துண்டில் யோவான் 18இன் சில வரிகளே உண்டு. அதை கி.பி. 125 என்று அடித்துச் சொல்கிறோம். எழுத்தமைதியை மட்டும் வைத்து அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது என்று ஆய்வாளர் பிரென்ட் நோங்பிரி 2005இலேயே எழுதிவிட்டார்.

முக்கியமானது வேறு. பிரதிகள் நிறைய இருப்பதால் மூலத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைக் கிட்டத்தட்ட மீட்கலாம். எழுதியது நடந்ததா என்பதற்கு அவை சாட்சியாகாது. இந்த இரண்டையும் ஒட்டவைப்பதுதான் நம் துண்டுப் பிரசுரங்களின் நிரந்தர வியாதி.

பிள்ளைகள் கையில் இருப்பது பழைய மொழிபெயர்ப்பு என்றால் இன்னொரு கண்ணி. 1 யோவான் 5:7இல் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்ற மூவர் சாட்சி வரும். பழைய கிரேக்கப் பிரதிகளில் அது இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் விட்டுவிட்டு 1522இல் சேர்த்தார். புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அந்த வரி கிடையாது. உயிர்த்தெழுந்தவர் காட்சி தந்ததைச் சொல்லும் மாற்கு 16:9-20, மிகப் பழைய சினாய், வத்திக்கான் சுவடிகள் இரண்டிலும் இல்லை. நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். யூடியூபில் பார்த்துவிட்டு வந்து கேட்டால் ஒளித்துவைத்த மாதிரி ஆகிவிடும்.

பென்னாகரம்_பிரதர்:
சரி, பிரதி எண்ணிக்கையை எடுத்துவிடுகிறேன். யோசேபஸ்?

எலத்தகிரி_மறைக்கல்வி:
அவருடைய யூத வரலாற்று நூலின் 18ஆம் புத்தகத்தில் இயேசுவைப் பற்றி வரும் பத்தியை அப்படியே வாசிக்காதீர்கள். "அவரே கிறிஸ்து" என்று நம்பாத யூதர் எழுதியிருக்க மாட்டார். யோசேபஸ் இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்கவில்லை என்று 3ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஓரிகன் சொல்கிறார், 4ஆம் நூற்றாண்டில் சபை வரலாறு எழுதிய யூசேபியஸ் அந்த வரியோடு மேற்கோள் காட்டுகிறார். இடையில் கை வைத்திருக்கிறார்கள். அடியில் யோசேபஸின் சொந்த வாசகம் கொஞ்சம் இருந்தது என்பது பெரும்பாலான அறிஞர் கருத்து. பாதுகாப்பானது 20ஆம் புத்தகம். கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபு கொல்லப்பட்டதைப் போகிற போக்கில் சொல்கிறார். அதை மட்டும் எடுங்கள்.

உங்கள் தூண் 1 கொரிந்தியர் 15:3-8, உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டவர்கள் என்று பவுல் தரும் பட்டியல். கடிதம் சுமார் கி.பி. 54-55. ஆனால் "நானும் பெற்றுக்கொண்டதை" என்று தொடங்குவதால் அந்தப் பட்டியல் கடிதத்தைவிடப் பழையது. மனமாறி மூன்று ஆண்டுக்குப்பின் பவுல் எருசலேமில் பேதுருவோடு 15 நாள் தங்கி யாக்கோபையும் பார்த்ததாகக் கலாத்தியர் 1இல் இருக்கிறது. நாத்திகரான புதிய ஏற்பாட்டு அறிஞர் கெர்ட் லூடெமான்கூட அந்தப் பட்டியலை முதல் சில ஆண்டுகளுக்குள் வைக்கிறார். பேதுருவுக்கு ஏதோ காட்சி கிடைத்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறார்.

ஐயப்பாடு_அரூர்:
ஒப்புக்கொள்கிறார், மனக்காட்சி என்கிறார். அந்தப் பாதியை விட்டுவிட்டீர்களே தோழர். பவுல் தமஸ்கு வழியில் தனக்குக் கிடைத்த காட்சியையும் அதே பட்டியலில்தான் சேர்க்கிறார். அதில் ஒரே நேரத்தில் கண்டதாக வரும் 500 பேரில் ஒருவர் பெயர் இல்லை, ஊர் இல்லை. காலியான கல்லறையைச் சொல்லவில்லை, கல்லறைக்குப் போன பெண்களைச் சொல்லவில்லை. தலைவன் தோற்றும் இயக்கம் சாகாததற்கு வேறு உதாரணமும் உண்டு. தன்னை மேசியா என்ற யூதர் சப்பதாய் செவி 1666இல் மிரட்டலுக்குப் பணிந்து இஸ்லாத்துக்கு மாறினார். அவரை மேசியாவாக நம்பியவர்களில் ஒரு பகுதி அதற்கும் விளக்கம் கண்டுபிடித்துத் தொடர்ந்து நம்பியது.

பென்னாகரம்_பிரதர்:
சப்பதாய் கூட்டம் மதமாற்றத்துக்கு உட்பொருள் கற்பித்தது. "செத்தவர் உடலோடு எழுந்தார், இன்னின்னார் பார்த்தார்கள்" என்று பெயர்ப் பட்டியல் போடவில்லை. யாக்கோபுக்கு என்ன சொல்வீர்கள்? இயேசுவின் சகோதரர்கள் அவரை நம்பவில்லை என்று யோவான் 7:5 சொல்கிறது. அவர் பிறகு எருசலேம் சபையின் தலைவர், அதற்காகவே செத்தார். பெண்கள் விஷயம் உங்களுக்கு எதிராகவே திரும்பும். பெண் சாட்சியம் செல்லாது என்று யோசேபஸே 4ஆம் புத்தகத்தில் எழுதுகிறார். கதை கட்டுபவன் மகதலேனா மரியாளை முதல் சாட்சியாக வைப்பானா?

ஐயப்பாடு_அரூர்:
நீதிமன்ற விதி அது. பிணத்துக்கு நறுமணம் பூசப் போவது யார் வேலை? மாற்கு கதையில் பெண்கள்தான் போயாக வேண்டும். யாக்கோபு விஷயத்தில் உங்களுக்குக் கொஞ்சம் பலம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உறவுக்காரன் தலைமைக்கு வருவது நம் அரசியலில் காணாததா?

எலத்தகிரி_மறைக்கல்வி:
:) அது எங்கள் மறைமாவட்டத்தில் நடக்காது.

பிரதர், வகுப்பில் கோடு போட வேண்டிய இடம் இதுதான். சிலுவைச் சாவு, அடக்கம், "பார்த்தோம்" என்று சீடர்கள் மிகச் சீக்கிரமே நம்பியது, இதுவரை சரித்திர முறையில் வாதாடலாம். (சிலுவையில் செத்தவனுக்குக் கல்லறை கிடைக்காது என்பார்கள். 1968இல் எருசலேமில் எலும்புப் பெட்டிக்குள் குதிகாலில் ஆணியோடு எலும்பு கிடைத்த, சிலுவையில் செத்த யெகோகனானைச் சொல்லுங்கள். நடக்கக்கூடியதுதான் என்பதற்கு மட்டும் அது போதும்.) அதற்கு மேல், கடவுள் இருக்கிறாரா, செயல்படுவாரா என்ற கேள்வி முன்னாடி நிற்கும். அதை மறுக்கும் அரூர் தோழருக்கு எந்தக் காட்சியும் மனக்காட்சிதான். எதிராளி எதையுமே ஏற்காதபோது விசுவாச உண்மைகளை நிரூபிக்க வழியில்லை, அவன் தடைகளுக்குப் பதில் சொல்லலாம் என்று இடைக்கால இறையியலாளர் தோமா அக்குவினாஸே தம் 'சும்மா தியோலாஜியே' நூலின் முதல் கேள்வியின் 8ஆம் பகுதியில் எழுதிவிட்டார். ஒரு மணி நேரத்தில் 40 நிமிடம் தடைகளுக்கு ஒதுக்குங்கள்.

ஐயப்பாடு_அரூர்:
அப்படியானால் ஒரு தடை. மத்தேயு 27:52-53. கல்லறைகள் திறந்து பல பரிசுத்தவான்கள் எருசலேமுக்குள் வந்து அநேகருக்குக் காணப்பட்டார்களாம். பவுல், மாற்கு, லூக்கா, யோசேபஸ், ஒருவர்கூடச் சொல்லவில்லை. இதுவும் சரித்திரமா?

பென்னாகரம்_பிரதர்:
ஆம். வேதம் சொன்னால் நடந்தது.

எலத்தகிரி_மறைக்கல்வி:
அங்கே நான் பிரதரோடு இல்லை. உயிர்ப்பை முழுமூச்சாக ஆதரிக்கும் மைக்கேல் லைக்கோனா 2010 நூலில் அந்த இரண்டு வசனத்தையும் கவித்துவ நடை என்று வாசித்தார், சொந்த முகாமிலேயே எதிர்ப்பு கிளம்பியது.

ஐயப்பாடு_அரூர்:
27ஐக் கவித்துவம் என்றால் அதே மத்தேயுவின் 28ஐ ஏன் அப்படி வாசிக்கக் கூடாது?

எலத்தகிரி_மறைக்கல்வி:
27:52க்கு மத்தேயுவை விட்டால் யாருமில்லை. 28க்கு மத்தேயு எழுதுவதற்கு முன்பே கொரிந்துக்குப் போன பட்டியல் இருக்கிறது, அதில் பெயர் உள்ளவர்களில் இருவரைப் பவுல் நேரில் கண்டு பேசியிருக்கிறார். மத்தேயுவே காணாமல் போனாலும் அந்தப் பட்டியல் அங்கேதான் இருக்கும்.