சயின்டிஃபிக் கம்ப்யூட்டிங் (அறிவியல் கணக்குகளைக் கம்ப்யூட்டர்ல போடுற படிப்பு) படிச்சவங்க, மறக்க முடியாத இன்டர்வியூ சொல்லுங்க

#1
பெங்களூர்ல எம்டெக் இன்டர்வியூ. கேட் நுழைவுத்தேர்வு ஸ்கோர், ப்ராஜெக்ட் எல்லாம் சீக்கிரம் முடிஞ்சிடுச்சு. 0.1-ஐ பத்து தடவை கூட்டுனா என்ன வரும்னு ஒரு சார் கேட்டார், பைத்தான்ல 0.9999999999999999, பைனரில 0.1 முடியாம ஓடிட்டே இருக்கும்னு சொன்னேன். இதனால உயிர் போயிருக்கான்னார். 1991 வளைகுடாப் போர்ல, சவுதியில இருக்கிற தஹ்ரான்ல நடந்த பேட்ரியாட் (எதிரி ஏவுகணைய வானத்துலயே அடிக்கிற சிஸ்டம்) கதைய சொன்னேன், அது நேரத்த 0.1 செகண்டா எண்ணும், 100 மணி நேரம் நிறுத்தாம ஓடுனதுல நேரக் கணக்கு 0.34 செகண்ட் தள்ளிப்போய் ஈராக் விட்ட ஸ்கட் ஏவுகணைய கோட்டை விட்டுடுச்சு, 28 அமெரிக்க வீரர்கள் செத்தாங்க. அவர் பேனாவ கீழ வெச்சுட்டு "எழுதுனவனா, டெஸ்ட் பண்ணவனா, ஓட்டுனவனா, யார் பிடிச்சிருக்கணும்?"னார். எனக்குப் பேச்சே வரல. சீட் கிடைச்சுது, இப்ப சிமுலேஷன் டீம்ல இருக்கேன். ஸ்பீடுக்காக டபுள சிங்கிள் பிரிசிஷனா (அதாவது எண்கள கம்மி துல்லியத்துல) மாத்துன்னு யாராவது சொல்றப்பல்லாம் அந்தக் கேள்வி முன்னாடி வந்து நிக்குது.

#2
டெஸ்ட் பண்ணவங்கதான், இதுல என்ன யோசனை. என் கதை வேற. கேம்பஸ்ல வந்த ஒருத்தர் என் ரெஸ்யூமேல ஃபோர்ட்ரான்ங்கிற பழைய புரோகிராமிங் மொழிய பார்த்துட்டு பக்கத்துல இருந்தவர்கிட்ட காட்டி சிரிச்சார். டபிள்யூஆர்எஃப் வானிலை மாடலே ஃபோர்ட்ரான்தான் சார்னு சொன்னேன், காதுலயே வாங்கல. அந்த சிரிப்ப நினைச்சா இன்னிக்கும் பத்திக்கிட்டு வருது.

#3
#2, அவ்வளவு ஈஸியா டெஸ்டர் தலைல கட்டாதீங்க. பேட்ரியாட் ரொம்ப நேரம் ஓடுனா துல்லியம் குறையுதுன்னு இஸ்ரேல்காரங்க பிப்ரவரி 11-ஏ சொல்லிட்டாங்க. திருத்துன சாஃப்ட்வேர் தஹ்ரானுக்கு வந்தது 26, ஸ்கட் விழுந்தது 25. பிழை தெரிஞ்சும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேரல, என்னைக் கேட்டா அதான் பெரிய கொடுமை.

எனக்கு நடந்தது சின்னது. லீனியர் சிஸ்டம் (ஒரே நேரத்துல பல சமன்பாடு) எப்படி சால்வ் பண்ணுவேன்னு ஒருத்தர் கேட்டார், மேட்ரிக்ஸ்ல ஜீரோ எவ்வளவு இருக்கும்னு திருப்பிக் கேட்டேன், ஜீரோ நிறைய இருந்தா சால்வ் பண்ற வழியே வேற, அவர் சேரை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டார், அப்புறம் பேச்சே வேற மாதிரி போச்சு.

யாரும் கேக்கல, இருந்தாலும் ஜூனியர்ஸுக்கு சொல்றேன். மெஷின் லேர்னிங் கோர்ஸ் மட்டும் எடுத்துட்டு நியூமெரிக்கல் லீனியர் ஆல்ஜீப்ராவ விட்டுடாதீங்க, பைத்தான் நம்பையோட சால்வ் கூட உள்ள லாபேக்ங்கிற லீனியர் ஆல்ஜீப்ரா லைப்ரரியைத்தான் கூப்பிடுது. எம்பிஐ-ல (ஒரே கணக்க பல கோருக்குப் பிரிச்சு ஓட்டுற முறை) ஒரு ப்ராஜெக்டாவது சொந்தமா எழுதுங்க, கோர் ஏத்த ஏத்த ஸ்பீடு எங்க நிக்குது, ஏன் நிக்குதுன்னு சொல்லத் தெரியணும். 2024-ல இருந்து கேட்ல டேட்டா சயின்ஸ் பேப்பர் தனியா இருக்கு, எந்த டிபார்ட்மென்ட் அதை எடுத்துக்குதுன்னு பார்த்துட்டு அப்ளை பண்ணுங்க. வேலைன்னா ஐடி மட்டும்னு நினைக்காதீங்க. சூப்பர் கம்ப்யூட்டர் பண்ற புனே சி-டாக், நொய்டா வானிலை மையம், இஸ்ரோ இருக்கு, பிரைவேட்ல ஆன்சிஸ், மேத்வொர்க்ஸ், என்விடியா மாதிரி. #2, அந்த ஃபோர்ட்ரான ரெஸ்யூமேல இருந்து எடுத்துடாதீங்க, வானிலை மையத்துல அதைத்தான் முதல்ல பார்ப்பாங்க.