கனடாவில் புதிய கிரிமினல் மசோதாக்கள்: பிஆர், வொர்க் பெர்மிட்டில் இருப்பவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

"புது சட்டம் வந்துடுச்சு, இனிமே சின்னக் கேஸுக்கும் நாடு கடத்திடுவாங்க" என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுற்றுகிறது. புதிதாக வந்தவர்கள் பலர் பயந்துபோய்க் கேட்பதால் இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. கேஸ் என்று ஒன்று வந்துவிட்டால் வக்கீலிடம்தான் போக வேண்டும்.

2025 ஜூனிலிருந்து ஒட்டாவாவில் வரிசையாக மசோதாக்கள் வந்தன. எல்லைப் பாதுகாப்புக்கு சி-2, அதிலிருந்து பிரித்தெடுத்த சி-12, வெறுப்புக் குற்றங்களுக்கு சி-9, ஜாமீனுக்கும் தண்டனைக்கும் சி-14. எல்லாவற்றையும் யாராலும் படிக்க முடியாது. சிட்டிசன் ஆகாத நாம் முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் எழுதியிருக்கும் அதிகபட்சத் தண்டனை எத்தனை வருடம் என்பதைத்தான். ஜட்ஜ் கடைசியில் எவ்வளவு கொடுத்தார் என்பதெல்லாம் அப்புறம்.

காரணம், குடிவரவுச் சட்டத்தின் 36-வது பிரிவு. பிஆர் (நிரந்தரக் குடியுரிமை இல்லாமல், நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வைத்திருப்பவர் ஒரு குற்றத்தில் தண்டிக்கப்பட்டு, அந்தக் குற்றத்தின் அதிகபட்சம் 10 வருடமோ அதற்கு மேலோ இருந்தால் அது 'கடுமையான குற்றம்', நாடு கடத்த அதுவே காரணமாகலாம். வெறும் அபராதத்தோடு விட்டிருந்தாலும் அப்படித்தான். அதிகபட்சம் எவ்வளவாக இருந்தாலும், உண்மையில் 6 மாதத்துக்கு மேல் சிறை கிடைத்தாலும் அதே கதி. ஸ்டூடண்ட் விசா, வொர்க் பெர்மிட்காரர்களுக்கு வாசல் இன்னும் குறுகல். லேசாகவும் கடுமையாகவும் இரண்டு வழியிலும் வழக்குப் போடக்கூடிய குற்றங்களைக் குடிவரவுத் துறை கடுமையானதாகவே எடுத்துக்கொள்ளும். கடையில் சின்னப் பொருளைத் திருடி மாட்டுவதும் இதில் அடக்கம்.

இது காகிதத்தில் மட்டும் இருக்கும் விஷயம் இல்லை. 2018-ல் வந்த சி-46 நல்ல உதாரணம். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கு அதுவரை அதிகபட்சம் 5 வருடம். அந்தச் சட்டம் அதை 10 ஆக்கியது. முதல் தடவைக்குக் குறைந்தபட்ச அபராதம் 1,000 டாலர்தான், பெரும்பாலானவர்கள் ஒரு நாள்கூட ஜெயிலுக்குப் போவதில்லை. சிட்டிசனுக்கு அது லைசென்ஸ் பிரச்சினை. பிஆர்காரருக்கு 2018 டிசம்பர் 18-லிருந்து அது நாட்டில் இருக்கலாமா கூடாதா என்ற பிரச்சினை. மூச்சுப் பரிசோதனைக்கு ஊத மாட்டேன் என்று மறுத்தாலும் இதே கணக்கு. கல்யாண ரிசப்ஷனுக்குப் போனால் ஊபரில் திரும்புங்கள், இதில் பேரம் வேண்டாம். ஸ்பீடிங் டிக்கெட், சிக்னலைத் தாண்டியது எல்லாம் மாகாணச் சட்டம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று வீட்டுச் சண்டை. கையால் அடித்தால் சாதாரணத் தாக்குதல், அதிகபட்சம் 5 வருடம். கையில் கிடைத்த போனையோ பூரிக்கட்டையையோ எடுத்து அடித்தால் ஆயுதத்தால் தாக்கியதாக எழுதலாம், அதிகபட்சம் 10. கழுத்தை நெரித்தாலும் 10. போலீஸ் வந்த பிறகு "எங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கறோம்" என்பது இங்கே செல்லாது. மனைவி புகாரை வாபஸ் வாங்கினாலும் வழக்கை நடத்துவதா கைவிடுவதா என்று தீர்மானிப்பது அரசுத் தரப்பு வக்கீல்தான்.

சரி, சி-14க்கு வருவோம். 2025 அக்டோபர் 23 அன்று நீதி அமைச்சர் ஷான் ஃப்ரேசர் தாக்கல் செய்தது. வன்முறையோடு கார் திருடுவது, வீடு புகுந்து திருடுவது, மிரட்டிப் பணம் பறிப்பது, ஆள் கடத்தல், கழுத்தை நெரித்துத் தாக்குவது போன்றவற்றுக்கு ஜாமீன் விதியைத் தலைகீழாக்குவதுதான் அதன் முக்கியப் பகுதி. வழக்கமாக, ஏன் ஜாமீன் தரக்கூடாது என்று அரசுத் தரப்புதான் சொல்ல வேண்டும். இதில் ஏன் தர வேண்டும் என்று குற்றம் சாட்டப்பட்டவர் காட்ட வேண்டும். பத்து வருடம் இங்கே இருந்தவருக்கு வீடு, வேலை, ஜாமீன் கையெழுத்துப் போட அண்ணன் தம்பி எல்லாம் இருக்கும். நேற்று வந்து பேஸ்மெண்டில் தங்கியிருக்கும் பையனுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? புதிதாக வந்தவர்களை இந்த மசோதா தொடும் இடம் அதுதான். சில குற்றங்களுக்கான தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அப்படிக் கூட்டும்போது மொத்த சிறைக்காலம் நீளும்.

6 மாத வரம்பை இன்னொரு தடவை பாருங்கள். 2013-ல் வந்த சி-43-லிருந்து, 6 மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற பிஆர்காரர் நாடு கடத்தும் உத்தரவை எதிர்த்துக் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்கே போக முடியாது. முன்பு அந்த வரம்பு 2 வருடமாக இருந்தது. அதனால்தான் வக்கீல்கள் ஆறு மாதத்துக்கு ஒரு நாளாவது குறைத்து வாங்கப் பார்க்கிறார்கள். 2013-லேயே ஃபாம் என்பவர் வழக்கில், தண்டனையின் குடிவரவு விளைவையும் ஜட்ஜ் கணக்கில் எடுக்கலாம், ஆனால் குற்றத்துக்குப் பொருந்தாத அளவுக்குக் குறைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழியை அடைக்கத்தான் கன்சர்வேட்டிவ் எம்பி மிஷெல் ரெம்பல் கார்னர் சி-220 என்ற தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். என் கருத்தில் நம் ஆட்கள் எம்பியிடம் பேச வேண்டியது சி-14-ஐவிட இதைப் பற்றித்தான்.

கேள்விகளுக்குச் சில பதில்கள்.

மசோதா தாக்கல் ஆன அன்றே சட்டமா? இல்லை. மக்களவையில் மூன்று வாசிப்பு, இடையில் கமிட்டி, பிறகு செனட், கடைசியில் அரச ஒப்புதல். ஒப்புதலுக்குப் பிறகும் சில பிரிவுகள் பல மாதம் கழித்தே அமலாகும். மேலே சொன்ன சி-46 ஜூனில் ஒப்புதல் பெற்று, மது சம்பந்தமான பகுதி டிசம்பரில்தான் அமலானது. நடுவில் செத்துப்போவதும் உண்டு. பெரிய பரபரப்பைக் கிளப்பிய, இணையத் தீங்குகள் பற்றிய சி-63, 2025 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்தபோது காலாவதியாகிவிட்டது. மசோதா எந்தப் படியில் நிற்கிறது என்று நாடாளுமன்றத்தின் லெஜிஸ்இன்ஃபோ இணையதளத்தில் எண்ணைப் போட்டால் தெரியும்.

பின்தேதியிட்டு அமலாகுமா? கிரிமினல் தண்டனையைப் பின்தேதியிட்டுக் கூட்ட முடியாது, உரிமைச் சாசனம் தடுக்கிறது. குடிவரவு விதிகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2020 ஜூன் 24-க்குப் பிறகு வந்தவர் ஒரு வருடம் கழித்து அகதிக் கோரிக்கை வைத்தால் அது அகதிகள் வாரியத்துக்கே போகாது என்று சி-12-ல் எழுதியிருந்தார்கள். 2025 ஜூன் 3-லிருந்து வைத்த கோரிக்கைகளுக்கே அது பொருந்தும்படி எழுதப்பட்டது. அகதிக் கோரிக்கை யோசனையில் இருப்பவர்கள் ஏஜெண்டை நம்பாமல் லீகல் எய்ட் வக்கீலை உடனே பாருங்கள்.

ஊர்வலத்தில் கொடி பிடிக்கலாமா? புலிகள் அமைப்பு 2006 ஏப்ரலிலிருந்து கனடாவின் பயங்கரவாதப் பட்டியலில் இருக்கிறது, உலகத் தமிழர் இயக்கம் 2008-லிருந்து. சி-9-ல் முன்வைத்தது, பட்டியலிட்ட அமைப்புகளின் சின்னங்களைக் காட்டி ஒரு மக்கள் பிரிவுக்கு எதிராக வேண்டுமென்றே வெறுப்பைத் தூண்டுவது குற்றம் என்று. வெறுமனே கொடி வைத்திருப்பது குற்றம் என்று அதில் இல்லை. ஆனால் பிஆர் இல்லாதவர், ஏன் பிஆர் உள்ளவரும்கூட, கவலைப்பட வேண்டியது குடிவரவுச் சட்டத்தின் 34-வது பிரிவைப் பற்றி. அது ஏற்கனவே அமலில் இருக்கிறது. தடை செய்த அமைப்பில் உறுப்பினராக இருந்தார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தாலே போதும், கோர்ட்டில் தண்டனை தேவையில்லை. உறுப்பினர் என்பதையும் தாராளமாகவே அர்த்தப்படுத்துகிறார்கள். விண்ணப்பத்தில் எழுதுவதும், இண்டர்வியூவில் சொல்வதும், ஃபேஸ்புக்கில் போடுவதும் ஒரே ஃபைலில்தான் சேரும்.

ஏற்கனவே கேஸ் இருக்கிறது, என்ன செய்ய? குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்னால் வக்கீலிடம் "நான் சிட்டிசன் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டியூட்டி கவுன்சல் (கோர்ட்டிலேயே இலவசமாக உதவும் வக்கீல்) அவசரத்தில் கேட்காமல் விடலாம். டிஸ்சார்ஜ் (குற்றவாளி என்று கண்டாலும் ஜட்ஜ் தண்டனை பதியாமல் விடுவிப்பது) கிடைத்தால் அது தண்டனைத் தீர்ப்பாகக் கணக்கில் வராது, அதனால் அதற்கு வழியிருக்கிறதா என்று கேளுங்கள். கிரிமினல் வக்கீலுக்குக் குடிவரவுச் சட்டம் அவ்வளவாகத் தெரியாவிட்டால், குடிவரவு வக்கீலிடம் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்துக் கருத்தை எழுத்தில் வாங்கிக் கொடுங்கள்.