புதுப்பிப்பு: லாரியின் எஞ்சின் ஆயில் கசிவுக்குக் காரணம் தெரிந்தது
எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையிலுள்ள கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஆயில் சொட்டுவதாகவும், எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் போயிருக்குமோ என்று அஞ்சுவதாகவும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அந்த சீலை மாற்றக் கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன், எஞ்சினை டீசலால் கழுவி, நன்கு உலர்த்தி, கசிவின் தடம் தெரிய டால்கம் பவுடர் தூவி, காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை ஓட்டிப் பார்த்தோம். ஈரத் தடம் எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பின்மூலையில் தொடங்கி, எஞ்சினின் பின்புறமாகவே கீழே இறங்கியிருந்தது. ஆகவே சீலைத் தொடவில்லை. அந்த மூடியின் கீழ் இறுகிப்போன பேக்கிங்கை (கேஸ்கெட்) மாற்றினோம். அதைவிட முக்கியமானது, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய். அது கசடால் அடைபட்டதால் கிராங்க்கேஸில் (கிராங்க் சுழலும் கூடு) அழுத்தம் ஏறி, ஆயிலை வெளியே தள்ளியிருக்கிறது. அதைச் சுத்தம் செய்யாமல் எத்தனை பேக்கிங் போட்டாலும் கசிவு திரும்பவே செய்யும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டு வாரமாக லாரி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டும் இல்லை. டைமிங் கவர் (டைமிங் கியர்களின் மூடி) பக்கம் மட்டும் லேசான ஈரம் தெரிகிறது. அடுத்த முறை ஆயில் மாற்றும்போது அதையும் கழற்றிப் பார்க்க இருக்கிறேன்.