அம்மாக்களுக்கு எழுத படிக்க சொல்லிக்குடுத்த அனுபவம்

குடிசைப் பகுதில அம்மாக்களுக்கு சாயங்கால வகுப்பு ஆரம்பிச்சப்போ முதல் நாள் 14 பேர் வந்தாங்க, மூணாவது வாரம் 3 பேர். ஆர்வம் இல்லைன்னு நானே முடிவு பண்ணிட்டேன், அது எவ்ளோ பெரிய தப்புன்னு ஒரு அம்மா தான் புரிய வெச்சாங்க. இடுப்புல குழந்தையோட வந்து ஒரு மருந்து பாட்டில நீட்டி "அ, ஆ எல்லாம் என் புள்ளைக்கு சொல்லிக்குடுங்க, எனக்கு இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க போதும்"னாங்க. அதுல ஒரு வேளைக்கு 2.5 மில்லின்னு இருந்துச்சு. அவங்க வீட்ல கைக்கு கிடைச்ச ஸ்பூன்ல ஊத்திட்டு இருந்திருக்காங்க. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு.

அடுத்த நாள்ல இருந்து பாடமே மருந்து பாட்டில், தடுப்பூசி அட்டை, காலாவதி தேதி, பசங்க ஸ்கூல்ல இருந்து வர்ற நோட்டீஸ் தான். குழந்தைக்கு வயித்தால போனா 1 லிட்டர் சுத்தமான தண்ணில 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இத அவங்களே எழுதி செவுத்துல ஒட்டினாங்க (டீஸ்பூன் தலை தட்டி எடுக்கணும், உப்பு கூடிட்டா ஆபத்து, அதையும் எழுதினாங்க). பிரேசில்ல பாலோ ஃப்ரெய்ரேன்னு ஒரு கல்வியாளர் 1963ல ஏழை தொழிலாளிங்க சுமார் 300 பேருக்கு சுமார் 40 மணி நேரத்துல படிக்க சொல்லிக்குடுத்தாருன்னு அப்புறமா தான் தெரிஞ்சுகிட்டேன். அவரும் எழுத்து வரிசைல ஆரம்பிக்கல, செங்கல் மாதிரி அவங்க தினம் புழங்குற வார்த்தைல இருந்து தான் ஆரம்பிச்சிருக்காரு.

*

நீங்க சொன்ன மருந்து பாட்டில் விஷயம் படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு, நான் அந்த அம்மா மாதிரி இருந்தவ தான். தடுப்பூசி அட்டைல தேதி படிக்க தெரியாம ஒரு ஊசி தவறிப்போய் எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கிருக்கேன், தெரியாதுன்னு சொல்லவும் வெக்கம். வகுப்புக்கு போகணும்னா தண்ணி புடிக்கிற நேரத்துல வைக்க கூடாது, குழந்தைய பாத்துக்க ஒரு ஆள் அங்கயே இருக்கணும், இந்த ரெண்டும் இல்லாம கூப்டா யாரும் வர முடியாதுங்க. எங்க வகுப்புல முறை போட்டு ஆளுக்கு ஒரு நாள் நாங்களே எல்லா குழந்தைங்களையும் பாத்துகிட்டோம். எனக்கு எழுத்து வந்ததுக்கு சமமா அந்த முறை போட்டது பெருசு, ஏன்னா அதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக்காரங்க பேரு கூட எனக்கு சரியா தெரியாது.

*

நாங்க படிப்போட கணக்கெடுப்பும் சேத்தோம். 1985ல மும்பைல நடைபாதைல குடியிருந்த மக்கள வீடு வீடா கணக்கெடுத்தாங்க, அதுக்கு அடுத்த வருஷம் அங்க இருந்த பெண்களே மகிளா மிலன்னு சேர்ந்து சேமிப்பு, வீட்டு உரிமைன்னு பேச ஆரம்பிச்சாங்க. அத கேட்டுட்டு எங்க அம்மாக்களும் சந்து சந்தா போனாங்க, எத்தன வீடு, எத்தன பேர், ஒரு குழாய்க்கு எத்தன குடும்பம், ராத்திரி வெளிச்சம் இல்லாத கழிப்பறை எது எது. வரைபடத்த தரைல சாக்பீஸ்ல போட்டு அப்புறம் பேப்பருக்கு ஏத்தினோம். எந்த கழிப்பறைக்கு பொம்பள புள்ளைங்க தனியா போக பயப்படறாங்கங்கறது அந்த படத்துல தான் எனக்கே முதல்ல தெரிஞ்சுது, அத்தன வருஷம் அங்க வேலை பாத்தும் நான் கேக்கல, இப்பவும் உறுத்துது.

மனுவ அவங்களே எழுதினாங்க, எழுத்துப்பிழையோட தான், நான் திருத்தல. கைநாட்டு வெச்சது 2 பேர் மட்டும். ஆபீஸ்ல "அங்க அவ்ளோ வீடு இல்லையே"ன்னு சொன்னப்போ ஒரு அம்மா நோட்ட விரிச்சு வரி வரியா விரல் வெச்சு படிச்சு காட்டினாங்க. விளக்கு வந்துடுச்சு, குழாய்க்கு இன்னும் அலைஞ்சுட்டு இருக்கோம். அந்த நோட்டு இப்போ அவங்க வீட்டு டிரங்கு பெட்டில இருக்கு, எங்ககிட்ட தர மாட்டேங்கறாங்க, வேணும்னா போட்டோ எடுத்துக்கோங்கங்கறாங்க.