'நண்டு', 'பசு' – குரல்பதிவு வேண்டும்

வணக்கம் உறவுகளே. பாம்பனிலிருந்து எழுதுகிறேன். அக்கா மகள் கொரிய மொழி படிக்கிறாள். அதில் ஒரே படுக்கைக்கோடாக எழுதுகிற ஓர் உயிரொலி அவளுக்கு வரவே மாட்டேன் என்கிறது. உதடு குவிந்து 'உ' ஆகிவிடுகிறது. கண்ணாடி முன் நிறுத்தி 'பசு', 'நண்டு' சொல்லச் சொன்னேன். பசுவுக்கு உதடு குவிந்தது. நண்டுக்குக் குவியவில்லை, பின்நாக்கு மட்டும் எழும்பியது. ஏறக்குறைய அதே ஒலிதான்! நம்முடைய குற்றியலுகரம், அரை மாத்திரை. துருக்கியர் 1928இல் லத்தீன் எழுத்துக்கு மாறியபோது இந்த மாதிரி ஒலிக்கென்றே, ஆங்கில 'i' எழுத்தின் மேல்புள்ளியை எடுத்துவிட்ட 'ı' என்ற எழுத்தை வைத்துக்கொண்டார்கள்.

தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் பக்கம் இருப்பவர்கள், வீட்டுப் பெரியவர்கள் 'நண்டு', 'காற்று', 'பசு', 'கரு' சொல்வதைப் பதிந்து அனுப்புங்களேன். வாசிக்கச் சொல்ல வேண்டாம். பேச்சோடு பேச்சாக வரட்டும். அவளுக்குப் போட்டுக்காட்ட வேண்டும்.