இண்டிகா நெல்லின் தாய் யார்? பசுங்கணிகம் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நாற்றங்கால்:
"நெல்லைப் பழக்கியது சீனா, மற்றவர்கள் எல்லாம் அங்கிருந்து வாங்கிக்கொண்டவர்கள்" என்று வேறொரு திரியில் ஒருவர் அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். அங்கே பேச்சு திசைமாறிவிட்டது, அதனால் இங்கே.

இலையின் பசுங்கணிகத்துக்குள் தனியாக ஒரு டிஎன்ஏ இருக்கிறது, உட்கருவில் இருப்பது வேறு, இது வேறு. நெல்லில் இதை 1989லேயே முழுசாகப் படித்துவிட்டார்கள், ஒரு ஜப்போனிகா ரகத்தில் (ஆசிய நெல்லின் இரண்டு பெரிய வகைகள் இண்டிகாவும் ஜப்போனிகாவும்), 1,34,525 கார இணைகள், அதாவது டிஎன்ஏவின் எழுத்துச் சோடிகள். நெல்லில் இது தாயிடமிருந்து மட்டுமே வரும். மகரந்தம் எங்கிருந்து பறந்து வந்தாலும் இதைத் தொட முடியாது.

இண்டிகா ரகங்களில் பெரும்பாலானவற்றில் இந்த டிஎன்ஏவின் ஓரிடத்தில் 69 இணைகள் விடுபட்டிருக்கின்றன, ஜப்போனிகாவில் பெரும்பாலும் அந்தத் துண்டு அப்படியே இருக்கிறது. காட்டு நெல்லைப் பார்த்தால் அதிலும் இரண்டு வகையும் உண்டு. இந்த இரண்டு தாய்வழிகளும் பிரிந்தது கிட்டத்தட்ட லட்சம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். உழவு வந்தே பத்தாயிரம் ஆண்டுதான் ஆகிறது. அப்படியானால் மனிதன் கை வைப்பதற்கு முன்பே இரண்டு தாய்கள். இமயத்துக்குத் தெற்கே ஒன்று, தென்சீனத்தில் ஒன்று. இதில் "வாங்கிக்கொண்டோம்" எங்கே வருகிறது?

கருக்காய்:
இரண்டு தாய் என்பதை யாருமே மறுக்கவில்லையே. அதிலிருந்து இரண்டு முறை பழக்கினார்கள் என்று தாவுகிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சண்டை.

நெல்லின் உட்கரு டிஎன்ஏ சுமார் 38.9 கோடி இணைகள். நீங்கள் காட்டுவது அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லாத ஒரு துண்டு, அதுவும் கலந்து மாறாமல் மொத்தமாகவே கைமாறுகிற துண்டு. 1.34 லட்சம் எழுத்து இருந்தாலும் அது ஒரே ஒரு சாட்சிதான்.

காட்டு நெல்லில் மணி முற்றினால் உதிர்ந்துவிடும். பயிரில் உதிராமல் நிற்பதற்கு எஸ்எச்4 என்ற மரபணுவில் ஒரேயொரு எழுத்து மாறியது முக்கியக் காரணம் என்று 2006ல் காட்டினார்கள். அதே மாற்றம் இண்டிகாவிலும் இருக்கிறது, ஜப்போனிகாவிலும் இருக்கிறது. அரிசி சிவப்பிலிருந்து வெள்ளையானதும் அப்படித்தான், ஆர்சி மரபணுவில் 14 இணைகள் காணாமல் போனது ஜப்போனிகாவில், பிறகு அது இண்டிகாவுக்குள் பரவியது. 2012ல் 446 காட்டு நெல், 1083 பயிர் நெல் என்று எடுத்து ஒப்பிட்ட பெரிய ஆய்வு, முதலில் பழக்கியது தென்சீனத்தில் முத்து ஆற்றுப் பக்கம், அந்த ஜப்போனிகா தெற்கே வந்து உள்ளூர்க் காட்டு நெல்லோடு கலந்ததில்தான் இண்டிகா பிறந்தது என்று முடித்தது.

பசுங்கணிகத்தை மட்டும் வைத்துப் பேசினால் என்ன ஆகும் தெரியுமா? சாத்துக்குடியின் பசுங்கணிகம் பம்பளிமாசுடையது. உட்கருவில் கமலா ஆரஞ்சின் பங்குதான் அதிகம். உங்கள் கணக்குப்படி சாத்துக்குடி ஒரு பம்பளிமாஸ் என்று எழுதி வைக்க வேண்டியதுதான்.

விதைப்பண்ணை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், இது என் தொழில் சம்பந்தப்பட்டது. 1970ல் ஹைனான் தீவில் மகரந்தம் மலடான ஒரு காட்டு நெல் செடி கிடைத்தது. சீனாவின் வீரிய ஒட்டு நெல் அதிலிருந்துதான் கிளம்பியது. அந்தச் செடியைத் தாயாக வைத்து, ஒவ்வொரு தலைமுறையிலும் பயிர் நெல்லின் மகரந்தத்தையே போட்டுப் போட்டு உட்கருவை மொத்தமாக மாற்றிவிடுவோம். வயலில் நிற்பது அச்சு அசலாக இண்டிகா. உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசம் மட்டும் ஹைனான் காட்டுச் செடியுடையது, பசுங்கணிகமும் சேர்ந்துதான். ஐஆர் 58025ஏ அப்படிப்பட்ட தாய் வரிசைதான், இந்தியாவில் வந்த பல வீரிய ஒட்டு ரகங்களுக்கு அது தாய்.

தஞ்சாவூர்க்காரர்கள் ஏடிடி 27ஐ மறந்திருக்க மாட்டார்கள். 1965ல் ஆடுதுறையிலிருந்து வந்தது. அதன் பெற்றோர் நோரின் 10 / ஜிஇபி 24. முதலில் எழுதுவது தாய், அது ஜப்பான் ரகம். அந்த முறைப்படி பார்த்தால், டெல்டா முழுக்க விளைந்த அந்த நெல்லின் பசுங்கணிகம் ஜப்போனிகா.

நாற்றங்கால்:
சரி, ஆராய்ச்சி நிலையத்தில் எதைத் தாயாக வைப்பது என்று ஆள் உட்கார்ந்து முடிவு செய்கிறார். நாலாயிரம் வருஷத்துக்கு முன் யார் முடிவு செய்தார்கள்?

ஜப்போனிகா தெற்கே வந்தது விதையாகத்தான் வந்திருக்க முடியும், யாரும் மகரந்தத்தை மடியில் கட்டிக்கொண்டு வரவில்லை. அந்த விதையை இங்கே விதைத்து, பக்கத்துக் காட்டு நெல்லின் மகரந்தம் அதில் விழுந்திருந்தால், பிறந்த நெல்லுக்கு ஜப்போனிகா பசுங்கணிகம் இருக்க வேண்டும். ஆனால் இண்டிகாவில் பெரும்பாலும் இருப்பது உள்ளூர்த் தாயுடையது. அதாவது வயலில் ஏற்கெனவே உள்ளூர் நெல் நின்றது, வந்தவர் மகரந்தம் மட்டும் கொடுத்தார். வயல் என்று ஒன்று இருந்ததால்தானே தாய் அங்கே நின்றாள்? அதுவும் ஒரு தாய் இல்லை, இண்டிகாவுக்குள்ளேயே பல தாய்வழிகள் இருக்கின்றன. எங்கோ ஒரு வரப்பில் ஒரு தடவை நடந்த தற்செயல் அப்படிப்பட்ட தடத்தை விடாது.

கருக்காய்:
நல்ல கேள்வி, ஆனால் பூவைப் பார்க்காமல் கேட்கிறீர்கள். பயிர் நெல் பூ காலையில் கொஞ்ச நேரம் திறக்கும், திறக்கும்போதே தன் மகரந்தம் தன் மேலேயே கொட்டிவிடும், அடுத்த செடிக்கு அதிகம் வேலை இல்லை. காட்டு நெல்லில், அதிலும் பல்லாண்டு வாழும் ரூஃபிபோகான் என்ற இனத்தில், சூல்முடி உமிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், வெளி மகரந்தத்துக்காகக் காத்திருக்கிற மாதிரி. அதனால் பயிரும் காட்டு நெல்லும் பக்கத்தில் நின்றால் மகரந்தம் பெரும்பாலும் பயிரிலிருந்து காட்டுக்குப் போகும், காட்டுச் செடிதான் தாயாகும். இதற்கு வயல் வேண்டாம், வாய்க்கால் ஓரம் போதும். அந்தக் கலப்பு மணி வயலில் விழுந்து முளைக்கும், களை என்று தெரியாமலேயே அறுப்பார்கள், அதையும் சேர்த்துத்தான் அடுத்த போகத்துக்கு விதைப்பார்கள். பல வாய்க்கால் ஓரங்கள், பல தாய்கள். உங்கள் தடம் எனக்கும் பொருந்துகிறது.

ஏரிக்கரை:
ஒரு சந்தேகம். இன்றைக்கு ஏரி குளத்தில் நிற்கிற காட்டு நெல்லே பயிர் நெல்லோடு கலந்து போனது என்கிறார்களே, அப்படியானால் அதை வைத்து ஒப்பிடுவதே தப்பில்லையா?

நாற்றங்கால்:
தப்பான கேள்வியே இல்லை. 2017ல் ஒரு ஆய்வு, ஆசியக் காட்டு நெல் பெரும்பாலும் கலப்படக் கூட்டம் என்றே எழுதியது. ஆனால் அது என் கட்சிக்குத்தான் சாதகம். கருக்காய் இப்போதுதான் சொன்னார், மகரந்தம் பயிரிலிருந்து காட்டுக்குப் போகும் என்று. போனால் கெடுவது உட்கரு. பசுங்கணிகம் தாயோடதாகவே நிற்கும். 2012 ஆய்வு நம்பியது உட்கருவை!

விதைப்பண்ணை:
பயிர் நெல்லே உதிர்ந்து, குளத்தில் தானாக வளர்ந்து, காட்டு நெல் வேஷம் போடுவதும் உண்டு. அதில் பசுங்கணிகமும் பயிருடையதுதான். அதனால் இரண்டுமே முழுசாகச் சுத்தம் இல்லை.

கருக்காய்:
அப்படியானால் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு மண்ணைத் தோண்டுவோம். சீனாவின் கீழ் யாங்சி ஆற்றுப் பக்கம் தியான்லுவோஷான் என்ற தொல்லியல் இடத்தில் நெல் மணியின் அடிக்காம்பை எண்ணியிருக்கிறார்கள். தானாக உதிர்ந்த மணியில் அந்த வடு வழவழப்பாக இருக்கும், அடித்துப் பிரித்ததில் பிய்ந்திருக்கும். 6900 ஆண்டுக்கு முன் உதிராத வகை 27 விழுக்காடு, 6600க்கு வரும்போது 39. பழக்குவது கண்ணெதிரே நடக்கிறது. ஜப்போனிகா வருவதற்கு முந்தைய கங்கைக் கரையிலிருந்து இப்படி ஒரு ஏறுவரிசை காட்டுங்கள்.

நாற்றங்கால்:
கங்கைச் சமவெளியில் லஹுராதேவா என்ற தொல்லியல் இடத்தில் பழைய நெல் இருக்கிறது.

கருக்காய்:
இருக்கிறது, அது காட்டு நெல்லா பயிரா என்பதில்தானே இன்னும் தகராறு. தியான்லுவோஷான் கணக்கைப் போட்ட தொல்தாவர ஆய்வாளர் டோரியன் ஃபுல்லரே என்ன சொல்கிறார்? கங்கைப் பக்கம் உள்ளூர் நெல்லை அரைகுறையாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள், ஜப்போனிகா வந்து கலந்த பிறகுதான் அது முழுப் பயிரானது என்கிறார். நான் முதலிலிருந்து சொல்வது இதுதான்.

நாற்றங்கால்:
இல்லை, நான் சொல்வதுதான் அது! உள்ளூர் நெல்லை ஏற்கெனவே கையில் வைத்திருந்தார்கள் என்கிறார், பாதி வாக்கியத்தை விட்டுவிட்டுப் படிக்காதீர்கள். இன்னொன்று, எஸ்எச்4ன் அந்த மாறிய எழுத்து காட்டு நெல்லிலும் தென்படுகிறது. உழவுக்கு முன்பே காட்டில் இருந்திருந்தால் இரண்டு இடத்தில் தனித்தனியாகப் பொறுக்கியிருக்கலாம், ஒருவர் ஒருவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

கருக்காய்:
அந்தக் "காட்டு நெல்" விதைப்பண்ணை சொன்ன வேஷக்காரராக இருந்தால்? ஒரு எழுத்து ஒத்துப்போவதை விடுங்கள், அந்த மரபணுவைச் சுற்றியிருக்கும் அக்கம்பக்கமும் இண்டிகாவில் ஜப்போனிகாவோடு ஒத்துப்போகிறதே. தனித்தனியாகப் பொறுக்கியவர்கள் அக்கம்பக்கத்தையும் சேர்த்தா ஒரே மாதிரி பொறுக்குவார்கள்?

நாற்றங்கால்:
எஸ்எச்4 கைமாறியே வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி உதிராத குணம் வந்த நாளைத்தான் உழவின் முதல் நாளாக எடுப்பீர்கள் என்றால் நீங்கள் ஜெயித்தீர்கள். ஆனால் உங்கள் தியான்லுவோஷானிலேயே நூற்றில் 27 மணிதான் உதிராமல் நின்றது, அப்போதே அவர்கள் விதைத்துக்கொண்டும் அறுத்துக்கொண்டும்தான் இருந்தார்கள். அவர்களை உழவர் என்கிறீர்கள். கங்கைக் கரையில் அதே நிலையில் இருந்தவர்களை மட்டும் ஏன் "பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள்" என்கிறீர்கள்?