மனிதரும் காட்டுயிரும் ஒரே சட்டகத்தில்: என் படத்தில் எங்கே தவறினேன்?

நிழல்வரி:

அனைவருக்கும் வணக்கம். காயம்பட்ட காட்டுயிர்களைத் தேற்றி மீண்டும் காட்டில் விடும் மையம் ஒன்றில், பராமரிப்பாளரான ஒரு பெண்மணியையும் இறக்கை முறிந்து அவரிடம் வந்துசேர்ந்த ஒரு கூகையையும் சேர்த்துப் படம் எடுத்தேன். தோலுறை அணிந்த அவருடைய இடக்கையில் கூகை அமர்ந்திருக்கிறது. அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். கூகையும் நேராக லென்ஸையே பார்க்கிறது. 85 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8 (லென்ஸின் துளை அளவு), ஏறத்தாழ 2 மீட்டர் தொலைவு, ஜன்னல் வெளிச்சம் மட்டும், ஃபிளாஷ் பயன்படுத்தவில்லை.

அவருடைய பொறுமையைக் காட்டத்தான் விரும்பினேன். படத்தை விமர்சனத்துக்கு வைத்தபோது ஒருவர் கூகையின் கண் கூர்மையாக இல்லை என்றார். இன்னொருவர் அதன் முகம் வெளுத்துப்போய் இறகுகளின் நுணுக்கமே தெரியவில்லை என்றார். இவ்விரண்டையும் ஏற்றுக்கொள்ள முடிந்தது. மூன்றாமவர், “செல்லப் பறவையோடு எடுத்துக்கொண்ட படம் போலிருக்கிறது” என்றார். அதைப் படித்ததும் மனம் சுருங்கிவிட்டது. அந்த மையத்தைப் பற்றியும் அவருடைய உழைப்பைப் பற்றியும் நான்கு பத்திகள் விளக்கம் எழுதி, அனுப்புவதற்கு முன் நிறுத்திவிட்டேன். இத்தனை விளக்கம் ஒரு படத்துக்குத் தேவைப்படுகிறது என்றால் குறை படத்திலேயே இருக்க வேண்டும் என்று தோன்றியது. அது எங்கே இருக்கிறது என்பதைத் தயவுசெய்து சொல்லுங்கள்.

தூரப்பார்வை:

முதல் இரண்டு குறைகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியும். முழுச்சட்டக சென்சார் கொண்ட கேமராவில், நீங்கள் சொல்லும் லென்ஸும் தொலைவும் துளையும் சேர்ந்தால் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே 6 செ.மீ. அளவுதான். நீட்டிய கையில் இருக்கும் பறவைக்கும் அவருடைய முகத்துக்கும் இடையே அதைப்போலப் பல மடங்கு இடைவெளி இருக்கும். ஒருவரைப் பிடித்தால் மற்றவரை இழப்பீர்கள். துளையைச் சுருக்கி எஃப் 5.6 வைத்தால் அந்த ஆழம் 18 செ.மீ. அளவுக்கு வரும். அதே துளையோடு ஒரு மீட்டர் பின்னால் நகர்ந்தால் 40 செ.மீ.-ஐத் தாண்டிவிடும். பக்கவாட்டில் நகர்ந்து, கையும் முகமும் உங்களிடமிருந்து ஒரே தொலைவில் இருக்கும்படி நின்றாலும் போதும்; இதைப் பலர் மறந்துவிட்டுத் துளையோடு மட்டும் போராடுகிறார்கள்.

வெளுத்துப்போனதற்குக் காரணம் இருண்ட அறை. கேமராவின் ஒளியளவி சட்டகம் முழுவதையும் சராசரியாகக் கணக்கிட்டு வெளிச்சத்தைக் கூட்டிவிட, கூகையின் வெள்ளை முகத்தட்டு எரிந்துபோகிறது. வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் வரை, அதாவது பாதியளவு வரை, குறைத்து, ரா கோப்பாக (கேமரா பதிவுசெய்த மூலத் தரவாக) எடுத்து, ஹிஸ்டோகிராம் என்னும் ஒளிப்பரவல் வரைபடம் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலிப்பருத்தி:

நான் பல ஆண்டுகளாக மீட்புப் பறவைகளைப் பராமரிப்பவள். மூன்றாமவர் சொன்னதுதான் உங்களுக்குக் கிடைத்த மறுமொழிகளிலேயே மதிப்புள்ளது என்று நினைக்கிறேன்.

ஆந்தை இனங்களின் கண்கள் குழாய் வடிவம் கொண்டவை. அவை குழிக்குள் சுழல்வதில்லை. எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே முகம் முழுவதையும் திருப்பியாக வேண்டும். ஆகவே உங்கள் படத்தில் கூகை தன் கவனம் முழுவதையும் உங்கள்மீது வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் இறகுகளை உடலோடு ஒட்டி, மெலிந்து நீண்டு, கண்களைச் சுருக்கியிருந்ததா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இருந்தால், அது அஞ்சி நிற்கும் பறவை. பெண்ணும் உங்களைப் பார்க்கிறார், பறவையும் உங்களைப் பார்க்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நீங்கள் காட்ட நினைத்த பொறுமை அவர்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது. அது சட்டகத்துக்குள் வரவே இல்லை.

விலங்கின் அச்சத்தை நாம் மகிழ்ச்சியாகப் படித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஸ்லோ லோரிஸ் என்னும் சிறு விலங்கைக் கிச்சுகிச்சு மூட்டும் காணொளிகளை எத்தனையோ பேர் பரப்பினார்கள். அது கைகளைத் தூக்குவதை இன்பம் என்று எண்ணினார்கள். முழங்கைக்கு அருகிலுள்ள நச்சுச் சுரப்பியை வாய்க்கு எட்டச் செய்யும் தற்காப்பு நிலை அது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், மனிதர் அருகில் நிற்கும் சிம்பன்ஸியின் படத்தைப் பார்த்தவர்கள், அதே படத்தை மனிதர் இல்லாமல் பார்த்தவர்களைவிட, காட்டில் சிம்பன்ஸிகள் நலமாகவே இருக்கின்றன என்று நினைக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக இருந்தது. ஒரு மனிதரைச் சட்டகத்தில் சேர்ப்பதே விலங்கைப் பற்றிய ஒரு கூற்றாகிவிடுகிறது.

நிழல்வரி:

பெரிதாக்கிப் பார்த்தேன். கண்கள் சுருங்கியிருக்கின்றன, உடல் ஒரு கோல்போல நீண்டிருக்கிறது. அதைக் கம்பீரம் என்று எண்ணி, பல படங்களிலிருந்து இந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தவன் நானே. அந்தப் பறவையிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது. அப்படியானால் மனிதரையும் காட்டுயிரையும் சேர்த்து எடுக்கவே கூடாதா?

வேலிப்பருத்தி:

எடுக்கலாம். வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்களில் கடைசி ஆணான சூடான், 2018 மார்ச்சில் கென்யாவின் ஓல் பெஜெட்டா காப்பகத்தில் இறந்தது. அதன் இறுதி நேரத்தில் பராமரிப்பாளர் ஒருவர் அதன்மேல் தலை சாய்த்திருப்பதை ஒளிப்படக் கலைஞர் ஏமி விட்டாலி படமாக எடுத்திருக்கிறார். அங்கே தொடுதல் இருக்கிறது, ஆனால் கேமராவை நோக்கிய சிரிப்பு இல்லை. அதைச் செல்லப் பிராணியோடு எடுத்த படம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வட அமெரிக்காவில் வூப்பிங் கொக்கின் குஞ்சுகளை வளர்த்தவர்களின் படங்களையும் தேடிப் பாருங்கள். குஞ்சுகள் மனிதரைத் தாய் என்று பதித்துக்கொள்ளாதிருக்க, அவர்கள் தலை முதல் கால்வரை வெள்ளை அங்கியால் மூடி, கொக்குத் தலை வடிவப் பொம்மையால் இரை ஊட்டுகிறார்கள். மனிதமுகம் தெரியாத அந்தப் படங்களில் மனித அக்கறை முழுவதும் தெரிகிறது.

மையத்தில் எடுக்கும்போது படத்துக்காக யாரையும் காத்திருக்கச் சொல்லாதீர்கள். கட்டு மாற்றும் நேரம் கட்டு மாற்றுவதற்கு மட்டுமே உரியது.

இளவெயில்:

விமர்சனத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். படத்தை வைக்கும் முன், அது எதைச் சொல்ல வேண்டும் என்று ஒரே வரியில் எழுதி மறைத்துவிடுங்கள். பிறகு “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்காமல், “இதில் என்ன நடக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். மூன்று பேர் சொல்வதும் உங்கள் வரியும் எங்கே பிரிகின்றன என்று பார்த்தால் அடுத்த முறை எங்கே நிற்க வேண்டும் என்பது புலப்படும். நீங்கள் எழுதி அனுப்பாமல் விட்ட நான்கு பத்திகளையும் அழித்துவிடாதீர்கள்; படத்தில் விடுபட்டவை எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன.

நிழல்வரி:

மீண்டும் சென்று வந்தேன். இம்முறை 200 மி.மீ. லென்ஸோடு 5 மீட்டர் தள்ளி, கம்பிவலைக்குப் பின்னால் நின்றேன். பறவை அமைதியாக இருப்பதற்காக அதன் தலையைத் துணியால் மூடி, அவர் குனிந்து இறக்கையின் கட்டை அவிழ்க்கிறார். வந்தது முதல் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. துணிக்கு வெளியே தெரிவது கூகையின் ஒரு கால் மட்டும். அது அவருடைய கையுறையை இறுகப் பற்றியிருக்கிறது. ஆனால் விலங்கின் கண் கூர்மையாக இருக்க வேண்டும் என்பதே எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம். இதில் கண்ணே இல்லையே?

தூரப்பார்வை:

கண் தெரிகிற படத்துக்குத்தான் அந்த விதி. இதில் ஃபோகஸ் பற்றியிருக்கும் நகங்களில் விழ வேண்டும். எஃப் 5.6-இல் உங்களுக்கு 20 செ.மீ. அளவு ஆழம் கிடைத்திருக்கும், எனவே அவருடைய விரல்களும் கூடவே தெளிவாக வந்திருக்க வேண்டும். முகம் சற்று மங்கியிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.